கெட்டுப்போன கேம் கன்ட்ரோலரில் அப்பாவுக்கு ஒரு ரிமோட்

கேள்வி: பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு வலது கை விரல்கள் மடங்குவதில்லை. இடது கையும் லேசாக நடுங்குகிறது. ரிமோட்டின் சின்னப் பட்டன்களோடு தினமும் போராடுகிறார். மகன் விளையாடித் தேய்த்த கேம் கன்ட்ரோலர் ஒன்று கிடக்கிறது. விரலால் சாய்க்கிற ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது என்கிறான். அதை வைத்து டிவிக்கும் ஃபேனுக்கும் ஒரே ரிமோட் செய்யலாமா? சால்டரிங் கொஞ்சம் தெரியும்.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். அந்த இழுக்கிற ஸ்டிக்தான் உங்களுக்கு வேண்டிய பாகம்.

முதலில் ஒரு சோதனை. வீட்டு ரிமோட்டை செல்போனின் முன்பக்கக் கேமரா முன் பிடித்து பட்டனை அழுத்துங்கள். நுனியில் வெளிர் ஊதா வெளிச்சம் மினுக்கினால் அது அகச்சிவப்பு ரிமோட். நாம் செய்வதும் அந்த வகைதான். ப்ளூடூத்தில் இயங்கும் ரிமோட்டுக்கு இந்த வழி உதவாது. பழைய ரெகுலேட்டர் ஃபேனுக்கும் உதவாது. ரிமோட்டோடு வரும், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனாக இருக்க வேண்டும்.

ஸ்டிக்கின் பக்கவாட்டில், சாய்வுக்கேற்ப மின்தடை மாறும் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கும், பெரும்பாலும் 10 கிலோ ஓம். உள்ளே கார்பன் தடம் தேய்ந்ததும் நடுநிலை நகர்ந்துவிடுகிறது. விளையாட்டுக்கு அது ஆகாது. நமக்கோ மேல், கீழ், இடம், வலம் தெரிந்தால் போதும். நாம் எழுதும் நிரலை ஓட்டும் ஆர்டுயினோ என்ற சின்ன போர்டு இதை 0 முதல் 1023 வரை படிக்கும்; நடு 512 பக்கம். 250-க்குக் கீழே, 770-க்கு மேலே போனால் மட்டும் கட்டளை என்று எழுதுங்கள். இழுப்பு தொந்தரவு தராது.

ஸ்டிக்கைக் கழற்ற பதினான்கு கால்களிலும் ஈயம் உறிஞ்ச வேண்டாம். ஹேக்ஸா பிளேடால் ஸ்டிக்கைச் சுற்றி கன்ட்ரோலர் போர்டையே அறுத்து, கால்களில் ஒயரைப் பற்றவையுங்கள். ரப்பர் பட்டன்களை விட்டுவிடுங்கள். அவற்றின் கீழே இருப்பது கார்பன் பூச்சு, ஈயம் ஒட்டாது.

நடுக்கத்துக்கான ஏற்பாடுதான் இந்த வேலையின் உயிர். ஸ்டிக் ஒரு பக்கம் 200 மில்லிசெகண்ட் நின்றால்தான் கட்டளை போக வேண்டும்; நடுவுக்குத் திரும்பிய பிறகே அடுத்தது. ஒலி அளவுக்கு மட்டும், பிடித்திருக்கும்வரை தொடரலாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை போகிற வேகத்தைப் பார்த்து இந்த எண்ணைக் கூட்டிக் குறையுங்கள். மேலும் கீழும் ஒலி, இடமும் வலமும் சேனல். டிவி பவருக்கும் ஃபேனுக்கும் உள்ளங்கையால் அழுத்துகிற பெரிய பட்டன்களைத் தனியாக வாங்குங்கள்.

பழைய ரிமோட்டின் கட்டளைகளைப் படிக்க டிஎஸ்ஓபி 1738 என்ற அகச்சிவப்பு ரிசீவர் போதும். ஐஆர்ரிமோட் என்ற இலவச ஆர்டுயினோ லைப்ரரி ஒவ்வொரு பட்டனின் குறியீட்டு எண்ணையும் காட்டிவிடும். அனுப்ப 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி இரண்டைத் தொடராக இணைத்து, 18 ஓம் ரெசிஸ்டரோடு 2என்2222 டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள். நேராக ஆர்டுயினோ போர்டின் காலில் மாட்டினால் மின்னோட்டம் போதாமல், கட்டில் பக்கத்திலிருந்து டிவியை எட்டாது.

பேட்டரி விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். யூஎஸ்பி உள்ள ஆர்டுயினோ போர்டு சும்மா இருக்கும்போதும் மின்சாரம் தின்னும். 8 மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மினி என்ற ஆர்டுயினோ வகையை வாங்கி, அதன் பவர் விளக்கையும் வோல்டேஜ் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டு, மூன்று ஏஏ செல்லை நேராக மின்சாரம் ஏற்கும் விசிசி காலில் கொடுங்கள். ஸ்டிக்கின் இரண்டு பொட்டன்ஷியோமீட்டரும் 4.5 வோல்ட்டில் இடைவிடாமல் 0.9 மில்லிஆம்பியர் இழுக்கும். ஆகவே அவற்றுக்கு ஒரு டிஜிட்டல் காலிலிருந்து மின்சாரம் கொடுத்து, படிக்கிற நொடியில் மட்டும் இயக்குங்கள். மற்ற நேரம் சிப் தூங்கட்டும். சிப்புக்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் டைமர் கால் செகண்டுக்கு ஒருமுறை எழுப்பி ஸ்டிக்கைப் பார்க்கும். கம்பியில்லாக் கன்ட்ரோலரின் பழைய லித்தியம் பேட்டரியைத் தொடாதீர்கள்; உப்பியிருந்தால் ஆபத்து.

கன்ட்ரோலரின் கூடு இரண்டு கைக்கானது, அப்பாவுக்கு உதவாது. ஒரு மரப்பலகையில் எல்லாவற்றையும் பொருத்தி, நாற்காலியின் இடது கைப்பிடியில் இறுக்கமாகக் கட்டுங்கள். இரண்டு எல்இடிகளில் ஒன்று டிவியைப் பார்க்கட்டும், மற்றது ஃபேனை நோக்கி மேலே பார்க்கட்டும்.