செல்ஃப் அடிக்கும் முன் ஒரு நிமிடம்: கார் கேள்வி பதில்

கோவையில் முப்பது வருடமாகக் கார் வேலை பார்க்கிறேன். அம்பாசிடரில் கை வைத்துத் தொழில் பழகியவன். இப்போது ஸ்கேனர் செருகிப் பார்க்காமல் எந்த வண்டியையும் தொடுவதில்லை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். நேரில் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை. உங்கள் வண்டியின் சத்தத்தைக் கேட்டு, தொட்டுப் பார்க்கிற மெக்கானிக் வேறு காரணம் சொன்னால் அதையும் கேளுங்கள். ஆனால் அந்தக் காரணத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, போன மழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டியபோது பெட்ரோல் வண்டி பாதியில் ஆஃப் ஆகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு முறை செல்ஃப் அடித்தேன், எடுக்கவில்லை. காய்ந்ததும் எடுத்துவிடும் என்கிறார்கள். இன்னொரு முறை முயலலாமா?

வேண்டாம் தம்பி, சாவியைத் தொடாதீர்கள்.

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்று அழுந்திக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. ஏர் ஃபில்டர் வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தாலும், செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டன் அதில் போய் முட்டும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இங்கே லங்கா கார்னர் ரயில் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் மாட்டிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. ஓட்டியவர் நான்கைந்து முறை செல்ஃப் அடித்திருக்கிறார். இன்ஜினை இறக்கி மூன்றாவது சிலிண்டர் ராடைக் கழற்றி, நல்ல ராடு ஒன்றின் பக்கத்தில் மேசையில் வைத்துக் காட்டினேன். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டீல் ஸ்கேலை ஓரத்தில் வைத்ததும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நகக்கண் அளவு வளைவுதான். ஆனால் அந்த இன்ஜினுக்கு மொத்த வேலையும் பார்க்க வேண்டியதாயிற்று. அவர் சாவியைத் திருப்பாமல் இழுத்து வந்திருந்தால் ஆயில், ஃபில்டர், பிளக்கோடு போயிருக்கும்.

பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி நாலு போட்டோ எடுத்துவிட்டு இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லுங்கள். வண்டியை மேலே ஏற்றிப் போகும் லாரியில் பட்டறைக்கு அனுப்புங்கள். அங்கே முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பார்கள். அது நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் ஆயிலுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது.

இன்னொன்று. சாதாரண பாலிசியில், தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் பாலிசி புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

திருச்சியிலிருந்து: டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் சரியாகும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக்.

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுகிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

இதை நீங்களே பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார், டெம்பரேச்சர் சென்சார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே நம்பராக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃபேன் பக்கம் மட்டும் கையை நீட்டாதீர்கள். சாவி ஆஃபில் இருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டவே வேண்டாம். இன்ஜின் சீக்கிரம் தொண்ணூறு டிகிரி பக்கம் வந்து அங்கேயே நிற்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழுதாகியிருந்தால் புதிதாகப் போடுங்கள்.

கூலண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது, சுடுதண்ணீர் பாத்திரத்தில் உப்பு படிவதைப் போல இன்ஜினுக்குள்ளும் படியவைப்பதுதான். அந்த வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். வழியில் வேறு கதியில்லாமல் குடிநீர் ஊற்றினால் தவறில்லை. ஊருக்கு வந்ததும் இறக்கிவிட்டுச் சரியானதை நிரப்புங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் கூலண்ட் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். பதினேழு வயதில், ஹெல்பராக இருந்தபோது, அவசரத்தில் அம்பாசிடர் மூடியைத் திறந்தேன். வலது முன்கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் முதல் நாளே அதைக் காட்டுகிறேன்.

வேலூரிலிருந்து: வருடா வருடம் மார்ச் மாதம் ஏசி கேஸ் நிரப்புகிறேன். அடுத்த கோடைக்குள் கூலிங் போய்விடுகிறது. இது சகஜம்தானா?

சகஜம் இல்லை சார். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை, மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ஒரே வருடத்தில் கூலிங் போகும் அளவு குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைப் பிடிக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேஸோடு சாயம் கலந்து, சில நாள் கழித்து யூவி விளக்கடித்துப் பார்க்கலாம். கண்டன்சர் பைப் ஜாயின்ட், ஓ ரிங், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், இந்த மூன்றில்தான் பெரும்பாலும் மாட்டும். கேஸ் ஏற்றும்போது எடை பார்த்து ஏற்றுகிறார்களா என்றும் கவனியுங்கள். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அதிகமாக ஏற்றினாலும் கூலிங் குறையும், கம்ப்ரசரும் திணறும்.

டயருக்கு நைட்ரஜன் தேவையா?

நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தப் பணத்துக்கு நல்ல பிரஷர் கேஜ் ஒன்று வாங்குங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன்பு, ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து: ஊட்டி போய்விட்டு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. குடும்பமே வண்டியில் இருந்தது. பட்டறையில் பிரேக் பேடு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பின் ஏன் அப்படி ஆனது?

நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே, அதுவே நிம்மதி. இந்த மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் தொழில் செய்வதால் மாதத்துக்கு இரண்டு மூன்று வண்டிகளாவது இதே புகாரோடு வருகின்றன.

பேடு நன்றாக இருந்தால் அடுத்ததாகப் பிரேக் ஆயிலைப் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் பொருள். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வாக்கில் கொதிக்கும் நிலைக்கு வந்துவிடும். குன்னூரிலிருந்து பர்லியார், கல்லார் வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் பக்கம் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அழுந்திக் கொடுக்கும், ஆகவே உங்கள் காலின் பலம் பேடு வரை போய்ச் சேராது. அரை மணி நேரம் நிறுத்தி ஆறவைத்ததும் பெடல் பழையபடி இறுகும். அதனால்தான் பட்டறைக்கு வரும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிகிறது.

பிரேக் ஆயிலை முழுவதும் இறக்கிப் புதிதாக மாற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு தடவை டேங்க் நிரப்பும் செலவைவிடக் குறைவு. இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இறங்கும் முறையும் மாற வேண்டும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். கொல்லிமலை மாதிரி எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள இடத்தில் இரண்டாவது, தேவைப்பட்டால் முதல் கியர். வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள், காலை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் எல் அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் எரிகிறது. மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

சேலத்திலிருந்து: என் கார் 2014 மாடல். இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துள்ளது. இன்ஜின் கெட்டுவிடுமா?

மைலேஜ் குறைவது உண்மைதான். இ20 என்றால் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனாலை இருபது சதவீதம் கலந்தால், சுத்த பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் சக்தி குறையும். இருபது, முப்பது சதவீதம் மைலேஜ் போனால் எத்தனாலை மட்டும் குறை சொல்லாமல் டயர் பிரஷர், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது ஆகியவற்றையும் பாருங்கள்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை இதற்கு ஏற்றதாகவே போடுகிறார்கள். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. இன்ஜின் உடனே கெட்டுவிடாது, ஆனால் பெட்ரோல் ஹோஸ், சீல் போன்ற ரப்பர்களைச் சர்வீஸுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ உப்பலோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் பழைய பெட்ரோலைக் கால் டேங்கில் விட்டுவைக்காதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: எலி ஒயரைக் கடித்துவிடுகிறது. புகையிலை கட்டித் தொங்கவிட்டும் போகவில்லை ஐயா.

புகையிலையும் ரச கற்பூரமும் வாசனை போகும் வரைதான் தாங்கும். கற்பூர வாசனை ஏசி வழியாக உள்ளே வந்து குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகும். எலிக்கு வேண்டியது சூடும் மறைவும். தினமும் எடுக்காத வண்டியில்தான் அது கூடு கட்டும். இரவில் பானெட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். உள்ளே தின்பண்டத் துணுக்கு கிடக்கக் கூடாது. ஏசி காற்று உள்ளே வரும் வழியில் கம்பி வலை அடித்துவிடுங்கள், கேபின் ஃபில்டர் தப்பும். கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் பச்சை பிடிக்கும். சால்டரிங் செய்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: செக் இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேன் செய்து, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள். பெரிய தொகை. இரண்டே வாரத்தில் மறுபடி எரிகிறது. இப்போது இன்ஜெக்டரை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

நிறுத்துங்கள் அம்மா, இன்ஜெக்டருக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். ஸ்கேனரில் வந்த எரர் கோடு (பழுதைக் குறிக்கும் குறியீடு) என்ன என்று கேளுங்கள். பி0171 என்று இருந்தால், இன்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதைச் சொல்வதே ஆக்சிஜன் சென்சார்தான். தகவல் சொன்னவனையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதியவனை வைத்திருக்கிறார்கள். புதியவனும் அதையே சொல்கிறான்.

கணக்கில் வராத காற்று எங்கே புகுகிறது என்று தேட வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்க வேண்டும். மேல்பார்வைக்கு நன்றாக இருக்கும் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருக்கும். ஐடிலிங்கில் காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி இருந்தால் இன்னும் சுலபம், புகை வெளியே வரும் இடம்தான் ஓட்டை. ஏர்ஃபுளோ சென்சாரில் தூசி படிந்திருந்தாலும், பெட்ரோல் பிரஷர் குறைந்தாலும் இதே கோடு வரும். இவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் இன்ஜெக்டர்.

பட்டறையில் இப்படிக் கேளுங்கள்: "இந்த பார்ட்தான் கெட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், காட்டுங்கள்." வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், பானெட்டைத் திறந்து உங்களை அருகில் கூப்பிடுவார். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி வையுங்கள். நன்றாக வேலை செய்தால் பின்னால் உதவும்.