மாற்றத் தலைமையால் ஒரு நாட்டின் கல்வி மேம்படுமா?

"பயிற்சிகளில் மாற்றத் தலைமை என்கிறார்களே, ஏற்காடு மலைப் பள்ளிக்கு அதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

1978-ல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் இரண்டு வகைத் தலைமையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வேலைக்குக் கூலி என்கிற கொடுக்கல் வாங்கல். மற்றது, ஆட்களின் நோக்கத்தையே உயர்த்துவது; இதுதான் மாற்றத் தலைமை. 1985-ல் உளவியலாளர் பெர்னார்ட் பாஸ் இதை விரித்தார்: தானே முன்மாதிரியாக இருப்பது, இலக்கைக் காட்டி ஊக்குவிப்பது, புதிதாக யோசிக்க விடுவது, ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிப்பது.

நம்மூர் உதாரணம் காமராஜர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, பின்னாளில் முதல்வராகி 1953-ல் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்கிற அரைநேரப் பள்ளித் திட்டம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். அப்புறம் 1956-ல் மதிய உணவு. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே பள்ளிக்குத் தேவையானதைக் கொடுத்தார்கள். கவனியுங்கள், ஊக்கப் பேச்சோடு சோறும் வந்தது! பயிற்சிகளில் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை என்பது என் எண்ணம்.

ஆசிரியர் நியமனம், இடமாறுதல், நிதி எதுவும் தலைமையாசிரியர் கையில் இல்லை. அவரால் நாட்டையே மாற்ற முடியாது. அதற்கு மேலிடம் அதிகாரத்தைப் பகிர வேண்டும். ஆனால் பாஸ் சொன்ன கடைசி இரண்டும் அவர் கையில்தான் இருக்கின்றன. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வருகை குறைகிறதா? சுற்றறிக்கைக்குக் காத்திராமல் ஆசிரியர்களையே வழி யோசிக்கச் சொல்லலாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சேலத்திலிருந்து வரும் ஆசிரியரிடம், பேருந்து நேரத்தைப் பார்த்துப் பாடவேளை போடட்டுமா என்று கேட்கலாம்.