எந்தச் சிவப்பு?

கேள்வி: எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) ஆங்கிலக் கட்டுரையில் மகள் எதற்கெடுத்தாலும் 'ரெட்' என்றே எழுதுகிறாள். வேறு சொற்கள் சொல்லுங்களேன்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சொற்கள் நிறைய உண்டு, ஆனால் பொருளை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பளிச்சென்று, லேசாக ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால் ஸ்கார்லெட், நம் வாசலில் பூக்கும் செம்பருத்திக்கு அருமையாகப் பொருந்தும். சற்று நீலம் கலந்த அடர்சிவப்பு என்றால் கிரிம்சன், ரத்தத்துக்கும் அந்தி வானத்துக்கும் எழுத்தாளர்கள் விரும்பி எடுப்பது அதைத்தான். மரூனில் பழுப்பு இருக்கிறது. சீனப் புத்தாண்டில் பினாங்கின் கெக் லோக் சி கோயிலில் தொங்கும் சிவப்பு விளக்குகளை மரூன் என்று எழுதினால் வாசிப்பவர் மனத்தில் மங்கலான வேறு படம் வந்துவிடும். அப்புறம், ஒரே பத்தியில் இவற்றைக் குவிக்க வேண்டாம், ஒன்று போதும். வெட்கத்தில் சிவந்த முகத்துக்கு 'ரெட்' என்பதே சரி, அதை மாற்றச் சொல்லாதீர்கள்.