5 கிலோ நாயும் 32 கிலோ அன்பும்

கேள்வி: எங்கள் வீட்டு ஷிட்ஸுக்கு மூன்று வயது, எடை 5 கிலோ. சென்னை கே.கே. நகரில் இருக்கிறோம். காலை வாக்கிங்கில் தெருமுனை வந்தாலே நாலைந்து தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. அது போதாதென்று அடுத்த தெருக்காரர் தன் லாப்ரடாரை வார் இல்லாமல் விடுகிறார். கேட்டால் ‘ஒண்ணும் பண்ணாது மேடம், விளையாடத்தான் வருது’ என்கிறார். போன வாரம் அது எங்கள் குட்டியைத் தள்ளி மேலே ஏறி நின்றது. காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கேட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறாள், தூக்கினால் நடுங்குகிறாள். டிரெயினர் ஒருவர், பெரிய நாய்களோடு 15 நாள் விட்டால் பயம் தெளிந்துவிடும் என்கிறார். அனுப்பலாமா? கையில் தடி எடுத்துப் போகலாமா?

பதில்:

அனுப்பாதீர்கள். தடியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில், ‘தூக்கினால் நடுங்குகிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இடிக்கிறது. பயந்த நாய் வாசலில் நடுங்கும், லாப்ரடாரைப் பார்த்து நடுங்கும். உங்கள் கை பட்டு நடுங்கினால் அது வலியாகவும் இருக்கலாம். ஷிட்ஸு நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள ஜாதி, முதுகுத் தண்டின் வட்டு பிசகுவது அவற்றுக்குச் சகஜம். அதன் மேல் 30 கிலோ ஏறி நின்றிருக்கிறது. ஆகவே பயம் என்று நீங்களே முடிவு கட்டாமல், ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி, கழுத்து, முதுகு, விலா மூன்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலையோ நம் மூட்டுவலி மாத்திரையையோ கால் துண்டு உடைத்துக் கொடுக்க வேண்டாம். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாயின் எடை குறையக் குறைய ஆபத்து அதிகம்.

‘காயம் இல்லை’ என்பதை நான் எப்போதும் பாதிதான் நம்புவேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பொமரேனியனைக் கொண்டுவந்தார்கள் (நம் ஊரில் பொமரேனியன் என்று விற்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ், அது இருக்கட்டும்). பக்கத்து வீட்டுப் பெரிய நாய் கவ்வி இரண்டு உதறு உதறிவிட்டுப் போட்டிருக்கிறது. ‘சின்னக் கீறல்தான் டாக்டர், மஞ்சள் வெச்சோம், ஆறிடுச்சு, ஆனா சாப்பாடு இறங்கல’ என்றார்கள். நடந்து மூன்றாம் நாள். முடியை மழித்தால் விலாவில் நான்கு புள்ளிகள், பேனா முனை அளவு. விரலால் அழுத்தினேன், தோலுக்கடியில் காற்று, அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். திறந்து பார்த்தபோது சதை விலாவை விட்டுக் கழன்று, உள்ளே சீழ், இரண்டு எலும்பு முறிந்திருந்தது. நாயின் தோல் தளர்வானது, கவ்வி உதறும்போது பல்லோடு சேர்ந்து நகர்ந்து கொடுத்துவிடும். அடியில் இருக்கிற சதை நகராது, கிழியும். வெளியே பொட்டு, உள்ளே பள்ளம். அதனால் பெரிய நாய் வாயில் ஒரு விநாடி இருந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். ஈறு வெளுத்தாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஷிட்ஸு, பக் மாதிரித் தட்டை மூஞ்சி நாய்களுக்கு இன்னொன்று: கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்தாலே விழி வெளியே பிதுங்கிவிடலாம். அப்படி ஆனால் உள்ளே தள்ளப் பார்க்காமல், சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, லாப்ரடார்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நாய் விளையாடத்தான் வந்திருக்கும். கணக்கைப் பாருங்கள்: அது 32 கிலோ என்றால் உங்கள் நாயைப் போல ஆறரை மடங்கு. 60 கிலோ இருக்கிற ஒருவர் மேல் சுமார் 400 கிலோ காளை ஒன்று அன்பாகச் சாய்வதைப் போல. காளைக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று வாடிவாசல் பக்கம் நின்று யாராவது உங்களைத் தேற்றினால் கேட்டுக்கொள்வீர்களா? இன்னொன்றும் உண்டு. சின்ன நாய் கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தால், அதுவரை விளையாடிய பெரிய நாயின் மூளையில் அது முயலாக மாறிவிடும், அந்த மாற்றத்துக்கு ஒரு விநாடி போதும்.

இப்போது டிரெயினர். இந்த ஊரில் டிரெயினர் ஆக என்ன படிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பழைய காக்கி பேன்ட், ஒரு பெல்ஜியன் நாயோடு எடுத்த படம், வாட்ஸ்அப் எண், முடிந்தது. நாய்க்குட்டி வளர்த்து விற்பவருக்காவது 2017இல் ஒரு விதி வந்தது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று. (எட்டு வாரம் ஆகாத குட்டிகள் இன்றைக்கும் அட்டைப்பெட்டியில் என் கிளினிக்குக்கு வருகின்றன, அது வேறு கதை.) பயிற்சி கொடுக்கிறேன் என்பவரிடம் நீ யார் என்று கேட்பதற்கே ஆளில்லை. ‘15 நாள் பெரிய நாய்களோடு விடுவது’ என்றால் என்ன தெரியுமா? நீங்கள் பார்க்காத ஒரு ஷெட்டில் உங்கள் நாயைத் தப்பிக்க வழி இல்லாமல் மிரட்டுவது. 15ஆம் நாள் அது சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும். ‘பாருங்க மேடம், பயம் போயிடுச்சு’ என்பார். போகவில்லை. கத்தினால் பயனில்லை என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. அப்படித் திரும்பிவந்த நாய்கள் எச்சரிக்காமலே கடிக்கும், முதலில் கடிபடுவது வீட்டில் இருக்கிற பாட்டியோ குழந்தையோதான். முள் பட்டை, ஷாக் பட்டை கையில் வைத்திருப்பவர், வீடியோ காட்ட மறுப்பவர், முழுப் பணத்தையும் முன்னால் கேட்பவர், இவர்களுக்கெல்லாம் வாசலிலேயே கும்பிடு போட்டுவிடுங்கள். 5 கிலோ நாய்க்குத் தைரியம் வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தைரியம் வந்த சின்ன நாய்தான் ராட்வைலர் காலைக் கடிக்கப் போய் என் மேஜைக்கு வருகிறது. அதற்குத் தேவை தூரம், அதைக் கொடுக்க வேண்டியது நீங்கள்.

தூரத்துக்கு என்ன வழி? கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு, முதுகில் பிடி வைத்த நல்ல ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டை) போடுங்கள். ஆபத்தில் அந்தப் பிடியைப் பற்றி, மற்றக் கையை வயிற்றுக்கடியில் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கலாம். கழுத்துப் பட்டையில் தூக்கினால் அது தூக்குப் போடுவதுதான். வார் நாலைந்து அடி போதும். பட்டனை அமுக்கினால் நீளுகிற அந்தச் சுருள் வார், அதை இன்றைக்கே குப்பையில் போடுங்கள், விலை கொடுத்து வாங்கினேன் என்று அழாதீர்கள். 15 அடி தள்ளி இருக்கிற நாய்க்கு நீங்கள் ஒரு வேடிக்கை பார்ப்பவர், அவ்வளவுதான். நடக்கும்போது நாய் சுவர்ப்பக்கம், நீங்கள் ரோட்டுப்பக்கம். எதிரே பெரிய நாய் தெரிந்தால் பக்கத்தில் வரும்வரை காத்திருக்காமல் அப்போதே தெருவைக் கடந்துவிடுங்கள். ஐந்து மணி இருட்டில் போகாதீர்கள், குப்பைத்தொட்டி தெருநாய்களின் கையில் இருக்கிற நேரம் அது. ஞாயிறு காலை கறிக்கடைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

தடி வேண்டாம். தடியை ஓங்கினால் ஒரு நாய் ஓடும், பின்னால் இருக்கிற மூன்று நாய் குரைத்துக்கொண்டு வரும். கல் எடுப்பதுபோல் குனிந்தால் தெருநாய் விலகும் என்பது உண்மைதான், நம் ஊர் நாய்களுக்கு அந்தப் பாஷை தெரியும், ஆனால் காலடியில் 5 கிலோ நாயை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தையும் அந்த உயரத்துக்கு இறக்கப் போகிறீர்களா? அதற்குப் பதில் பட்டனைத் தட்டினால் விரிகிற குடை ஒன்று வாங்குங்கள். நாய் வரும் திசையில் குடை படக்கென்று விரிந்தால் பெரும்பாலான நாய்கள் தயங்கி நிற்கும், குடைக்குப் பின்னால் உங்கள் நாய் அதன் கண்ணுக்கே தெரியாது. முதலில் வீட்டுக் கூடத்தில் பத்து நாள் விரித்து, விரிக்கும்போதெல்லாம் ஒரு துண்டு கோழி கொடுத்துப் பழக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் நாய்தான் முதலில் ஓடும்.

தெருநாய்களிடம் பொதுவாக நான் சொல்வது இது: ஓடாதீர்கள், கண்ணை முறைக்காதீர்கள், நாயைத் தூக்கிப் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள், அவை சலித்துப் போனதும் மெதுவாக நடங்கள். தலைக்கு மேல் தூக்காதீர்கள், அது பந்தைக் காட்டிக் குதிக்க வைப்பது போல.

ஆனால் குட்டி போட்ட தாய் நாயிடம் இது செல்லாது. இதை மட்டும் நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ‘நின்றால் போய்விடும்’ என்று நான் சொன்னதை நம்பி நின்று கடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மற்ற நாய்க்கு, நீங்கள் யார் என்று தெரிந்தால் போதும், விட்டுவிடும். தாய்க்கு நீங்கள் யார் என்பது முக்கியமே இல்லை, நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. நீங்கள் நிற்க நிற்க அவளுக்குப் பதற்றம் ஏறும். அவளைப் பார்த்தபடியே, முதுகைக் காட்டாமல், வந்த வழியே பின்னால் போக வேண்டும். குட்டிகள் காருக்கடியிலோ கட்டுமான மணலுக்குப் பின்னாலோ இருக்கும், உங்கள் கண்ணில் படாது. அவள் முலை தொங்குகிறதா, குரைக்காமல் நேராக வருகிறாளா, இந்த இரண்டுதான் அடையாளம். மார்கழி, தை மாதங்களில் தெருவுக்கு ஒரு தாயாவது இருப்பாள். குட்டிகள் தாமாகத் திரிய ஆரம்பிக்க இரண்டு மாதம் பிடிக்கும், அதுவரை அந்தத் தெருவே உங்களுக்கு இல்லை. பிஸ்கட் போட்டுச் சிநேகம் பிடிக்கலாமே என்பீர்கள். தாயிடம் வேண்டாம். தனியாகப் போகும்போது போட்டு வாங்கிய சிநேகம், நாயோடு போகும் நாளில் கைகொடுக்காது, அவளுக்கு உங்கள் நாய் குட்டியைத் தின்ன வந்த இன்னொரு நாய்.

கவ்விவிட்டால்? உங்கள் நாயைப் பிடித்து இழுக்காதீர்கள், கிழிவது அப்போதுதான். இரண்டு வாய்க்கு நடுவில் கையை விடாதீர்கள். பெரிய நாயின் மூஞ்சியில் தண்ணீரை ஊற்றுங்கள், குடையை இடையில் நுழையுங்கள். சொந்தக்காரர் இருந்தால் அவர் தன் நாயின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் நகர்த்தட்டும். உங்கள் மேல் பல்லோ நகமோ பட்டிருந்தால், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், குழாயடியில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். நாய்க்கு வருடாந்திர ஊசி போட்டிருந்தாலும், தெரியாத நாய் கடித்தால் மறுபடி ஊசி உண்டு.

அந்த வருடாந்திர ஊசியையும் வீட்டுக்கு வருகிற ‘கம்பவுண்டரிடம்’ போட்டிருந்தால், தயவுசெய்து புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், பேட்ச் எண், காலாவதித் தேதி, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. மே மாத வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியில் வந்தால் ஊசி போட்ட திருப்திதான் மிச்சம். மாநகராட்சி உரிமம் எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவர்களும் இதே கூட்டம்தான், 50 ரூபாய் கட்டணமாக இருந்த காலத்திலேயே 500 வாங்கியவர்கள். நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

லாப்ரடார்காரர் மேல் புகார் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். சென்னையில் நாயை வார் இல்லாமல் பொது இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி இருக்கிறது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறியபோது கொஞ்ச நாள் எல்லோருக்கும் அது ஞாபகம் வந்தது. அதற்கு முன், அதே ஆண்டு மார்ச்சில், 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பி, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எப்போதும் இனப் பட்டியல்தான் போடுகிறார்கள். லாப்ரடார் அதில் இல்லை, உங்கள் நாய் மேல் ஏறி நின்றது லாப்ரடார்தான். நாயை அஜாக்கிரதையாக வைத்திருப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அது மனிதருக்கு வரும் ஆபத்தைப் பற்றியது. ‘என் நாயைத் தள்ளியது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனில் சிரிப்பார்கள். வார் என் கையில் இருந்தது, கட்டாத நாய் என் மேல் பாய்ந்து வந்தது என்று, நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை, நாய்கள் இல்லாத நேரத்தில், அவர் வீட்டுக்கே போய்ப் பேசிப் பாருங்கள். தெருவில் நின்று பேசினால் இருவருக்கும் ரோஷம்தான் வரும்.

தெருநாய்களைப் பிடித்துப் போகச் சொல்லி மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைக்கலாம், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுத் திரும்ப அதே தெருவில் விடுவார்கள், தெருநாய்க் கருத்தடைக்கான 2023 விதி அப்படித்தான். காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். அது துரத்தாது என்று அர்த்தமில்லை.

டாக்டர் பார்த்து வலி இல்லை என்று சொன்னபிறகு முதல் வாரம் மொட்டை மாடி மட்டும். அடுத்து கேட் வரை, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்காருங்கள், கையில் கோழித் துண்டு. அவளாக ஒரு காலை வெளியே வைக்கிற நாளில் இரண்டு வீடு தாண்டித் திரும்பி வந்துவிடுங்கள், மூன்றாவது வீட்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.