கிறிஸ்துமஸ் லீவுல திறந்த ரெண்டு கிளை – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

என் அக்கா பொண்ணு அமெரிக்காவுல காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. ஏதோ கிரேக்க எழுத்துல பேர் வச்ச பொண்ணுங்க சங்கத்துல சேரப் போறாளாம், அதுக்குப் பணம் கட்டணுமாம், ராத்திரி கூட்டம் எல்லாம் நடக்குமாம். அக்கா பயந்துபோய் எனக்கு போன் மேல போன். எனக்கு உடனே ஞாபகம் வந்தது கமலா ஹாரிஸ் எலெக்‌ஷன் சமயத்துல பார்த்த ஒரு வீடியோதான், பிங்க்கும் பச்சையுமா உடுத்தின பொம்பளைங்க ஒரு பெரிய ஹால் நிறைய உக்காந்து அவங்கள பார்த்து ஒரே கத்தல். நான் 20 வயசுல எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட்ல ரசிகர் மன்றக் கிளைச் செயலாளரா இருந்தவன். போர்டு வைக்க, பதிவு நம்பர் வாங்க நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். இதுவும் அதே கதைதானா? இல்ல ஜாதிச் சங்கம் மாதிரியா? ஒரு காலேஜ்ல நாலு பசங்க ஆரம்பிச்சது எப்படி நாடு பூரா கிளை விடுது? அவ சேரலாமா வேணாமா? கொஞ்சம் விவரமா எழுதுங்க.

ச., திண்டுக்கல் பக்கம்

அன்புள்ள தம்பி,

மன்றம்னு சொன்னீங்க பாருங்க, பாதிக்கு மேல சரி. அங்க கிளைக்குப் பேர் சாப்டர், பதிவு நம்பருக்குப் பதிலா சார்ட்டர்னு ஒரு பத்திரம், அது மேலிடத்துலேர்ந்து வந்தாத்தான் நீங்க கிளை, வரலைன்னா நீங்க வெறும் பசங்க கூட்டம். எத்தனையாவது கிளைங்கிற வரிசைக்கு கிரேக்க எழுத்து. முதல் காலேஜ் ஆல்ஃபா, ரெண்டாவது பீட்டா, மூணாவது காமா, இப்படியே போய் எழுத்து தீர்ந்ததும் ஆல்ஃபா ஆல்ஃபான்னு ரெட்டையா ஆரம்பிப்பாங்க, அதனால பேரைக் கேட்டாலே எது பழைய கிளை எது நேத்து வந்ததுன்னு தெரிஞ்சிடும். எங்க மன்றம் பதிவு எண் 14ன்னு போர்டுல பெருசா எழுதிக்கிட்டவங்க இருந்தாங்கல்ல, அதே கெத்துதான்.

மன்றத்துக்கு ஒரு ஸ்டார் இருப்பார், அவர் மார்க்கெட் போச்சுன்னா போர்டும் துருப்பிடிக்கும், இங்க ஸ்டார்னு யாரும் கிடையாது. இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, காலேஜ்ல ஒரு சங்கம்னா வருஷா வருஷம் கால்வாசிப் பேர் படிப்பு முடிச்சு கிளம்பிடுவாங்க, நாலு வருஷத்துல ஆரம்பிச்சவன் ஒருத்தன்கூட அங்க இருக்க மாட்டான். ஒரே காலேஜ்ல மட்டும் இருந்தா அது எப்ப வேணா செத்துப்போகும். கிளை விட்டதுக்கு ஆயிரம் காரணம் சொல்லுவாங்க, சகோதரத்துவம் அது இதுன்னு, எனக்கு என்னமோ அடிப்படையில இது உயிர் பிழைக்கிற வழின்னுதான் படுது.

ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். 1776 டிசம்பர்ல வர்ஜீனியாவுல வில்லியம் அண்ட் மேரி காலேஜ் பசங்க சில பேர் ஃபை பீட்டா கப்பான்னு ஒரு ரகசிய சங்கம் ஆரம்பிக்கிறாங்க, சுதந்திரப் போர் நடந்துக்கிட்டிருக்கு அப்ப. எலிஷா பார்மலேன்னு ஒரு மெம்பர், வடக்கே கனெக்டிகட் பக்கத்துக்காரர், எனக்கு ஹார்வர்டுக்கும் யேலுக்கும் சார்ட்டர் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போறார். 1780ல யேல், 1781ல ஹார்வர்ட். அதே 1781ல பிரிட்டிஷ் படை நெருங்குதுன்னு தாய்க் காலேஜ்லயே சங்கத்தை மூடிட்டாங்க! பத்திரம் ரெண்டு வடக்கே போயிருக்காட்டி கதை அங்கயே முடிஞ்சிருக்கும். அடையாறு ஆலமரத்துக்கு 1989ல புயல்ல நடுமரம் சாஞ்சு, விழுதெல்லாம் நின்னு இன்னிக்கும் மரமா இருக்கே, அது மாதிரி. (அந்த சங்கம் பிறகு ரகசியத்தை எல்லாம் விட்டுட்டு நல்லா படிக்கிறவங்களுக்கான கௌரவ அமைப்பா மாறிடுச்சு, அது வேற ரூட்.)

நீங்க வீடியோவுல பார்த்த கூட்டம் வேற மரம். அதுக்கு நியூயார்க் மாநிலத்துல இத்தாக்கான்னு ஒரு குளிர் ஊருக்குப் போகணும், கார்னெல் யூனிவர்சிட்டி. 1905 வாக்குல அங்க கருப்பின மாணவங்க விரல்விட்டு எண்ற அளவு, அதுலயும் முந்தின வருஷம் படிச்ச ஆறு பேர் திரும்பி வரவே இல்ல. கேம்பஸ்ல வெள்ளைப் பசங்களோட பிரட்டர்னிட்டி, அதாவது இந்த மாதிரி பையன்கள் சங்கம், அதுங்களோட வீடுங்க இருக்கு, தங்க ரூம், சாப்பாடு, பழைய நோட்ஸ், சீனியர் சிபாரிசு எல்லாம் அங்கதான், இவங்க உள்ள போகணும்னா தட்டு எடுத்துட்டு பரிமாறுற வேலைக்குத்தான் போகணும். ஊர்க்குள்ள இருந்த கருப்பினக் குடும்பங்கதான் இவங்களுக்கு ஆதரவு, சிங்கிள்டன்னு ஒரு குடும்பம், அந்த அம்மாவை இன்னிக்கும் சங்கத்தோட தாய்னு சொல்றாங்க. முதல்ல படிப்பு வட்டம் மாதிரி கூடுறாங்க. அப்புறம் ஒரு சண்டை. அப்ப தலைமையில இருந்த பாயின்டெக்ஸ்டர்ங்கிறவர் இலக்கியச் சங்கமாவே இருக்கட்டும்ங்கிற கட்சி, மத்த பசங்க இல்ல, முழு பிரட்டர்னிட்டியாவே ஆக்கணும்னு நிக்கிறாங்க. கடைசியில 1906 டிசம்பர் 4, ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. ஏழு பேர்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஏழு பேர்ல ஒருத்தர் யூஜின் கின்கில் ஜோன்ஸ், சொந்த ஊர் வர்ஜீனியாவுல ரிச்மண்ட், அப்பா அங்க வர்ஜீனியா யூனியன்ங்கிற கருப்பினக் காலேஜ்ல வாத்தியார், மகனும் அங்கதான் டிகிரி முடிச்சிட்டு மேல படிக்க கார்னெல் வந்தவர். 1907 டிசம்பர்ல வாஷிங்டன்ல இருக்கிற ஹோவர்ட் யூனிவர்சிட்டில ஒரு கிளை, அது பீட்டா, பத்தே நாள்ல தான் படிச்ச காலேஜ்லயே இன்னொண்ணு, அது காமா. மேப்பை எடுத்துப் பாருங்க, இத்தாக்காவுலேர்ந்து ரிச்மண்டுக்கு தெற்கே இறங்கினா நடுவுல வாஷிங்டன். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போற ரூட்லயே ரெண்டு கிளை! மேலிடத்துல உக்காந்து பிளான் போட்டு மேப்புல கலர் பின் குத்துற வேலை எல்லாம் கிடையாது, தெரிஞ்ச ஊரு தெரிஞ்ச பசங்க, போனார், சேர்த்தார். அடுத்த வருஷம் கனடாவுல டொரான்டோ, அதையும் இவர்தான் ஏற்பாடு பண்ணார், அது ரொம்ப நாள் நிக்கல.

இந்த பீட்டா கிளை இருந்த ஹோவர்ட்லதான் சில வாரத்துல, 1908 ஜனவரி 15, பொண்ணுங்க ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா ஆரம்பிச்சாங்க. நீங்க பார்த்த பிங்க்-பச்சை அவங்கதான். ஷ்யாமளா கோபாலனோட மக கமலா ஹாரிஸ் 1986ல ஹோவர்ட்ல, இவங்களோட முதல் கிளையான ஆல்ஃபாவுலயே சேர்ந்தவங்க. 2024 ஜூலையில டல்லஸ்ல அவங்க தேசிய மாநாட்டுல போய் பேசினாங்க, நீங்க சொல்ற வீடியோ அநேகமா அதுவாத்தான் இருக்கும். கத்தல்னு சொன்னீங்களே, அது 'ஸ்கீ-வீ', அவங்க குரல் அடையாளம்.

இவங்க கிளை விட்ட கதையில ஒரு நல்ல சண்டை இருக்கு. நாலஞ்சு வருஷம் இவங்க ஹோவர்டை விட்டு வெளியவே போகல. 1912 கடைசியில அப்ப படிச்சிட்டிருந்த பொண்ணுங்க, பேரை மாத்தலாம் கலரை மாத்தலாம் எல்லாத்தையும் புதுசா பண்ணலாம்னு ஓட்டுப் போட்டுட்டாங்க. நெல்லி குவாண்டர்னு அந்த வருஷம்தான் படிச்சு முடிச்ச ஒரு சீனியர், விஷயம் காதுக்குப் போனதும் கொதிச்சிட்டாங்க, கெடு வச்சாங்க. 22 பேர் போடின்னு வெளிய போய் 1913 ஜனவரி 13ல டெல்டா சிக்மா தீட்டான்னு தனியா ஆரம்பிச்சாங்க, அதோட விடாம மார்ச்லயே வாஷிங்டன்ல பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலத்துலயும் நடந்தாங்க. குவாண்டரும் சும்மா இல்ல. ஜனவரி 29ல பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவு பண்ணிட்டாங்க. அதோட அர்த்தம் என்னன்னா, இனிமே ஒரு காலேஜ்ல அந்த வருஷம் இருக்கிற பசங்க நினைச்சா சங்கத்தைக் கலைக்கவோ பேரை மாத்தவோ முடியாது, வேற ஊர்ல கிளை திறக்க அதிகாரமும் இதுக்கு உண்டு. அதே வருஷம் சிகாகோவுல இவங்களோட பீட்டா கிளை. கட்சி உடைஞ்ச மறு மாசமே சின்னத்தைக் காப்பாத்த ஓடுவாங்கல்ல நம்ம ஊர்ல, அதை காலேஜ் முடிச்ச ஒரு பொண்ணு அன்னிக்கே செஞ்சிருக்கு. ரெண்டு சங்கமும் இன்னிக்கு வரை பெருசு, ரெண்டு பக்கமும் அந்தக் கதையை அவங்கவங்க விதமா சொல்லுவாங்க, பஞ்சாயத்துக்கு நான் வரல.

ஜாதிச் சங்கமான்னு கேட்டீங்க. வெள்ளைக்காரங்க பிரட்டர்னிட்டி நிறைய இடத்துல 20ஆம் நூற்றாண்டு பாதி வரைக்கும் இன்ன நிறம் இன்ன மதம்தான் உள்ளன்னு சட்ட புத்தகத்துலயே எழுதி வச்சிருந்தது. அது நம்ம ஊர் கதைக்குப் பக்கத்துல வரும். கருப்பினச் சங்கங்க கதவு சாத்தப்பட்டவங்க கட்டின வீடு. இன்னொரு முக்கியமான வித்தியாசம், இவங்களுக்குப் படிப்பு முடிஞ்சா சங்கம் முடியாது. 1911லயே கெண்டகியில லூயிவில் ஊர்ல ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவோட படிச்சு முடிச்சவங்களுக்கான கிளை வந்துடுச்சு. வாத்தியார், வக்கீல், பாதிரியார்னு வேலைக்குப் போன ஊர்ல எல்லாம் கிளை, ராணுவத்துல போனவங்களால ஜெர்மனி வரைக்கும். மார்டின் லூதர் கிங் 1952ல பாஸ்டன்ல ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கும்போது அங்க சிக்மா கிளையில சேர்ந்தவர். வாஷிங்டன்ல அவருக்கு 2011ல திறந்த நினைவிடம் இருக்கே, அந்த யோசனையை எடுத்துட்டு பல வருஷம் நடையா நடந்து பணம் திரட்ட ஆரம்பிச்சது இந்த சங்கம்தான்.

எழுத்து வரிசையில கடைசி எழுத்து ஒமேகா. எந்த காலேஜுக்கும் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா அந்தப் பேரைக் குடுக்கிறதில்ல. ஒரு இரங்கல் குறிப்புல 'இன்னார் ஒமேகா சாப்டருக்குப் போனார்'னு படிச்சிட்டு நான் ஏதோ டிரான்ஸ்ஃபர் போலன்னு நினைச்சேன். செத்தவங்க சேர்ற கிளை அது.

நம்ம பிள்ளைங்க கதையும் ரெண்டு வரி. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா போய் குடியேறினவங்க பசங்க காலேஜ் வயசுக்கு வந்ததும், 1994ல பிங்ஹாம்டன், 1998ல டெக்சாஸ்ல ஆஸ்டின், இப்படி தெற்காசியப் பசங்களோட சங்கங்க கிளம்பிச்சு, பொண்ணுங்களுக்குத் தனியா. காலேஜ் மாறிப் போற பையன், சொந்தக்காரப் பையன் படிக்கிற காலேஜ், அதே ஜோன்ஸ் டெக்னிக்தான் இங்கயும்.

அக்கா பயம் தப்புன்னு சொல்ல மாட்டேன். புதுசா வர்ற பிள்ளைங்கள பரீட்சை பண்றேன்னு அடிக்கிறது, தூங்க விடாம வைக்கிறது, மூச்சு முட்டக் குடிக்க வைக்கிறது, உயிரே போயிருக்கு, எல்லா நிறச் சங்கத்துலயும். 1990ல கருப்பினச் சங்கத் தலைவருங்க எல்லாம் கூடி பழைய 'பிளெட்ஜிங்' முறையே வேணாம்னு நிறுத்தினாங்க, திருட்டுத்தனமா அது தொடர்ந்துச்சு. என் பார்வையில இதுதான் கிளை முறையோட பெரிய ஓட்டை, மேலிடம் சட்டம் போட்டுட்டு நல்ல பேர் வாங்கிக்கும், 20 வயசுப் பசங்க ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன பண்றாங்கன்னு பார்க்க அங்க ஆள் இருக்காது, பிரச்சனை வந்தா சார்ட்டரைப் புடுங்கிட்டு எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லன்னு அறிக்கை.

பொண்ணுகிட்ட மூணு விஷயம் கேக்கச் சொல்லுங்க. கட்டுற பணத்துல மேலிடத்துக்கு எவ்வளவு, கிளைக்கு எவ்வளவு. அந்தக் கிளையில படிச்சு முடிச்சுட்டுப் போனவங்க ரெண்டு பேர் நம்பர், இப்ப இருக்கிறவங்க நம்பர் வேணாம். அந்தக் கேம்பஸ்ல அது எப்பவாவது சஸ்பெண்ட் ஆகியிருக்கா. 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்திருக்கு, இந்த மாதிரி கொடுமையில மாட்டின சங்கங்க பேரை காலேஜே வெளியிடணும், அதனால காலேஜ் வெப்சைட்லயே தேடச் சொல்லுங்க. இதுக்கு மேல அவ முடிவு, 19 வயசுப் பொண்ணுக்கு மாமா எவ்வளவுதான் சொல்ல முடியும்.

பஸ் ஸ்டாண்ட் போர்டு இன்னும் இருக்கா? பதிவு நம்பரோட போட்டோ இருந்தா அனுப்புங்க.