ஓவியப் பிரதிகளை அச்சிட்டு மதுரையிலிருந்து குறைந்த விலைக்கு விற்க முடியுமா? எதில் கவனம் வேண்டும்?

முடியும். முதலில் பிரிண்டர் வாங்காதீர்கள். டிஜிட்டல் அச்சகத்தில் 13×19 அங்குலத் தாளில், ஓரம் வெட்ட 3 மி.மீ. விட்டும், இரண்டு ஏ4 படங்கள் அடங்கும்; 20 தாளில் 40 பிரதி. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) மேட், அதாவது பளபளப்பில்லாத வகை, போதும். பளபளப்புத் தாளில் விரல் ரேகை தெரியும்.

ஏ4-க்கு 2480×3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பெரிய தலைவலி நிறம்தான். கோபுரச் சுதைகளின் பளிச்சென்ற பச்சையும் நீலமும் திரையில் மின்னும், தாளில் மங்கும். நான்கு மைகளால் அந்தப் பளிச்சை எட்ட முடியாது. அதனால் படத்தை சிஎம்ஒய்கே-க்கு (அந்த நான்கு மைகளின் நிறமுறை) மாற்றிச் சரிசெய்து, ஒரு தாள் மட்டும் சோதனை அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டை நம்ப வேண்டாம்.

கூரியரில் முதலில் அடிபடுவது மூலைகள். படத்தைவிடச் சுற்றிலும் 1 செ.மீ. பெரிய கெட்டி அட்டை இரண்டுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறையிலிட்டு வையுங்கள். ஐப்பசி மழையில் உறையில்லாத தாள் ஈரம் இழுத்து வளையும். ஏ3-யைச் சுருட்டினால் குழாய் 3 அங்குல விட்டத்துக்குக் குறையக் கூடாது.

விலை போடும்போது அச்சுக் கூலியோடு அட்டை, உறை, வீணாகும் பிரதிகளையும் சேருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடைக்காரர் கமிஷனும் உண்டு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கையில் எடுத்துப்போக வசதியான அஞ்சலட்டை அளவும் வைத்திருங்கள்.

பிறர் ஓவியமென்றால் எழுத்தில் அனுமதி தேவை. இந்தியாவில் ஓவியர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு.