டீசல் வந்த பிறகு எதற்கு நீராவி இன்ஜின்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மெல்போர்னில் வசிக்கிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் காஸில்மெயின்–மால்டன் சுற்றுலா ரயிலில் போனோம். இழுத்தது ‘ஜே’ வகுப்பு நீராவி இன்ஜின். 1954-இல் செய்ததாம். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் 1952-லேயே ‘பி’ வகுப்பு டீசல் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு 60 நீராவி இன்ஜின்களை வாங்கினார்கள்? வெட்டிச் செலவு இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘பி’ வகுப்பு மெயின் லைனுக்கானது, கனமானது. கோதுமை விளையும் உட்பகுதிகளின் கிளைப்பாதைகளில் பல இடங்களில் தண்டவாளம் மெல்லியது, கெஜத்துக்கு 60 பவுண்டு எடைதான். அதன்மேல் அந்த டீசலை ஏற்ற முடியாது. அங்கே தானிய வேகன், ஆட்டு வேகன், வாலில் ஒரு பயணிகள் பெட்டி என்று கலந்துகட்டி ஓடும் வண்டிகளை இழுக்க லேசான இன்ஜின் வேண்டியிருந்தது. 1922 முதல் ஓடிய ‘கே’ வகுப்பையே திருத்தி, இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்ட்ரியில் செய்யச் சொன்னார்கள். (1853-இல் பம்பாய்–தானே ரயிலை இழுத்த இன்ஜின்களும் அந்தப் பட்டறையில் பிறந்தவைதான்.)

அந்தத் திருத்தங்கள்தான் என்னை ஈர்க்கின்றன. விக்டோரியாவில் பாதையின் அகலம் ஐந்தடி மூன்று அங்குலம். பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் நாலடி எட்டரை அங்குலம். என்றாவது அந்த அளவுக்கு மாற வேண்டிவந்தால் சக்கரங்களை நெருக்கி வைக்க இடம் வேண்டுமே என்று பாய்லரை உயர்த்தி வைத்தார்கள். ‘ஜே’ சற்று எம்பி நிற்பதுபோல் தெரிவது அதனால்தான். எரிபொருளிலும் அதே எச்சரிக்கை. நல்ல நிலக்கரிக்கு நியூ சவுத் வேல்ஸை நம்பியிருந்தவர்களை 1949 சுரங்க வேலைநிறுத்தம் படாதபாடு படுத்தியிருந்தது. ஆகவே பாதி இன்ஜின்கள் கரிக்கு, பாதி எண்ணெய்க்கு.

கடைசியில் ஒரு ‘ஜே’யைக்கூட அகலம் மாற்றவில்லை. 1955-இல் கிளைப்பாதைக்கு ஏற்ற ‘டி’ வகுப்பு டீசல் வந்து இறங்கியது. ஓராண்டு பொறுத்திருக்கலாமே என்பீர்கள். ஆர்டர் கொடுத்தபோது அந்த டீசல் எங்கே இருந்தது? அதுவரை தானியத்தை யார் இழுப்பது? ஆனாலும் இருபது ஆண்டு முடிவதற்குள் ‘ஜே’ வகுப்பு முழுவதையும் ஓரங்கட்டிவிட்டார்கள் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. நீராவி இன்ஜினுக்கு அது வாலிப வயது.